வெள்ளி செய்த உதவி

கோயம்புத்தூர் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த மாணவருக்கு மின்சார மோட்டார் புதிய பொருளன்று. 1930களின் தொடக்கத்தில் பைக்காராவின் நீர்மின்சாரம் இப்பகுதிக்கு வந்து சேர்ந்தது. 1937ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இந்நகரிலேயே மின்சார மோட்டாரை உருவாக்கினார்கள். அதன்பின் கிணற்றடிப் பம்பும் நூற்பாலை எந்திரங்களும் மாவரைக்கும் கிரைண்டரும் நம் வாழ்வோடு ஒன்றிவிட்டன. எனவே, "காயில் எரிந்துவிட்டது" என்னும் பேச்சைக் கேளாத வீடு கொங்கு நாட்டில் அரிது. கோடைக்காலத்தில், கிணற்றில் நீர் தாழ்ந்து, மின்னழுத்தமும் தாழ்ந்திருக்கும் வேளையில்தான் அது பெரும்பாலும் எரியும். குடியானவர் மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு, காயில் கட்டும் கடைக்கு ஓடுவார்.

காயில் ஏன் எரிகிறது? செம்புக் கம்பியினுள் ஓடும் எலெக்ட்ரான்கள் தடையின்றி ஓடுவதில்லை. அதிர்ந்துகொண்டிருக்கும் செம்பு அணுக்களின் நடுவே அவை மோதிச் சிதறிச் செல்லுகின்றன. அவ்வாறு இழக்கும் ஆற்றல் வெப்பமாகிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது நீங்கள் பாடத்தில் படித்ததே. இதனாலேயே மோட்டார் செய்வோர், கம்பியின் குறுக்குவெட்டில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 5 ஆம்பியர் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுகின்றனர். சதுர சென்டிமீட்டர்க் கணக்கில் சொன்னால் 500 ஆம்பியர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நமக்கு வேண்டியிருக்கும்.

மின்தடையே இல்லாத பொருள் உண்டா? உண்டு. ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் காமர்லிங் ஆன்னஸ் என்னும் விஞ்ஞானி 1908ஆம் ஆண்டில் ஹீலியம் வாயுவைத் திரவமாக்கினார். மூன்று ஆண்டுகள் கழித்து, அதில் பாதரசத்தைக் குளிர்வித்தபோது, தனிச்சுழியிலிருந்து 4.2 பாகையில் அதன் மின்தடை திடீரென்று மறைந்துபோவதைக் கண்டார். இத்தகைய பொருளை மீகடத்தி என்கிறோம். அடுத்த முக்கால் நூற்றாண்டில் பல உலோகங்களும் உலோகக் கலவைகளும் மீகடத்திகளாக அறியப்பட்டன. ஆனால் அவற்றுள் எதுவும் தனிச்சுழியிலிருந்து 23 பாகைக்குமேல் அப்பண்பைக் காட்டவில்லை. அந்தக் குளிரை உண்டாக்குவதற்கு ஹீலியம் வேண்டும். ஹீலியமோ விலை மிகுந்தது.

1986ஆம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக் நகரருகே பெட்னார்ஸ், முல்லர் என்னும் இருவர், உலோகங்களை விடுத்துச் செம்பு ஆக்ஸைடுகளில் தேடினார்கள். பொதுவாக ஆக்ஸைடு என்றால் மின்சாரத்தை எளிதில் கடத்தாத ஓட்டுச் சில்லு போன்றது என்றுதான் நினைப்போம். அதில் மீகடத்தியைத் தேடியது துணிவுதான். அவர்களுடைய பொருள் 30 பாகையை ஒட்டிய உஷ்ணநிலையில் மின்தடையை இழக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வூவும் சூவும், இட்ரியம் ஒன்று, பேரியம் இரண்டு, செம்பு மூன்று என்ற விகிதத்தில் அமைந்த ஆக்ஸைடு 93 பாகையிலேயே மீகடத்தியாவதைக் கண்டனர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சி. என். ஆர். ராவின் குழுவினரும் அவ்வாண்டிலேயே இதே பொருளை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். பிரின்ஸ்டனில் ஆண்டர்சனோடு சேர்ந்து இப்பொருள்களுக்கு ஒரு கொள்கை விளக்கம் தந்தவர்களில் தமிழகத்தைச் சேர்ந்த ஜி. பாஸ்கரனும் ஒருவர். அவை ஏன் மீகடத்திகளாகின்றன என்பதற்கு எல்லாரும் ஒப்பும் விடை இன்னும் கிட்டவில்லை.

93 பாகை என்பதில் என்ன சிறப்பு? திரவ நைட்ரஜன் 77 பாகையில், அதாவது சுழியத்துக்குக் கீழ் 196 செல்சியஸில் கொதிக்கிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜனே. அதைத் திரவமாக்குவது கடினமன்று. நம் ஊர்க் கால்நடை மருந்தகங்களில் காளைகளின் உறைவிந்துக் குச்சிகளைப் புகைகிற கலத்தில் அமிழ்த்தி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அக்கலத்தில் இருப்பது இத்திரவமே. காங்கேயம் பக்கத்துக் கிராமத்திலும் கிடைக்கிற ஒரு குளிரில் மீகடத்தி வேலை செய்கிறது என்பதுதான் அன்றைய வியப்பு. நான் அப்போது ஆசிரியர் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்திருந்த புதிது. செய்தியை வகுப்பில் சொன்னபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன், "அப்படியென்றால் எங்கள் கிணற்று மோட்டாரில் இந்தக் கம்பியைச் சுற்றலாமா, சார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்ல, உஷ்ணநிலையை விட்டுவிட்டு வேறொன்றைப் பார்க்க வேண்டும்.

மீகடத்திக்கு மூன்று எல்லைகள் உண்டு. உஷ்ணநிலை அளவு கடந்தாலும், காந்தப்புலம் அளவு கடந்தாலும், ஓடும் மின்னோட்டம் அளவு கடந்தாலும் அது தன் பண்பை இழந்துவிடும். பத்திரிகைகள் முதலாவதைப் பற்றியே எழுதின. தொழிலுக்கு வேண்டியதோ மூன்றாவது. இதனை மாறுநிலை மின்னோட்ட அடர்த்தி என்பர். 1987ஆம் ஆண்டில் ஆக்ஸைடுப் பொடியை அழுத்திச் சுட்டெடுத்த வில்லைகள், திரவ நைட்ரஜனில், சதுர சென்டிமீட்டருக்குச் சில நூறு ஆம்பியரையே தாங்கின. சாதாரணச் செம்புக் கம்பி தாங்கும் அளவை நாம் முன்பே கண்டோம். இத்தனை பாடுபட்டுக் குளிர்வித்தும் செம்போடு சமமாகத்தான் நிற்கும் என்றால், யார் அதை வாங்குவார்கள்?

பிழை பொருளில் இல்லை. அது அடுக்கப்பட்ட முறையில் இருந்தது. நூற்பாலைக்குச் சென்று பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பேலிலிருந்து பிரித்த பஞ்சில் இழைகள் பல திசைகளிலும் சிக்கிக் கிடக்கும். கார்டிங் எந்திரம் அவற்றைப் பிரித்து ஒருவாறு ஒரே திசைக்குக் கொண்டுவருகிறது. உயர்ந்த நூலுக்கு அதன்பின் கோம்பிங் என்னும் சீவுதலும் உண்டு. இழைகள் இணையாகப் படுத்தால்தான் நூலுக்கு வலிமை வரும். ஒவ்வோர் இழையும் தனித்தனியே எவ்வளவு வலியதாயினும் சிக்கலாகக் கிடந்தால் பயனில்லை. ஆக்ஸைடு வில்லையும் அப்படித்தான். அது கோடிக்கணக்கான நுண் படிகங்களின் கூட்டம். ஒவ்வொரு படிகத்தினுள்ளும் செம்பும் பிராணவாயுவும் சேர்ந்த தளங்கள், அடுக்கிய காகிதங்களைப் போல் அமைந்துள்ளன. மின்சாரம் அத்தளங்களின் வழியே மிக எளிதாகவும், அவற்றுக்குக் குறுக்கே அரிதாகவும் செல்லும். ஒரு படிகத்தின் தளம் கிழக்கு நோக்கியும் அடுத்ததன் தளம் வடகிழக்கு நோக்கியும் இருந்தால், இரண்டும் சேரும் எல்லையில் மின்னோட்டம் தடுமாறும். எல்லையில் அணுக்களின் ஒழுங்கு குலைந்திருக்கும். அங்கே பிராணவாயுவும் குறைந்திருக்கும். மீகடத்தியில் எலெக்ட்ரான்கள் இணை இணையாகச் செல்லுகின்றன என்று படித்திருப்பீர்கள். இந்த ஆக்ஸைடுகளில் ஓர் இணையின் வீச்சு ஒரு சில நானோமீட்டரே. ஆகையால் அவ்வளவு மெல்லிய எல்லைகூட அவற்றுக்குப் பெரும்பள்ளம் போன்றதாகிவிடுகிறது.

இதை ஐயமற நிறுவியவர்களுள் ஒருவர் இந்தியாவில் பிறந்த பிரவீண் சௌதரி. அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆராய்ச்சி நிலையத்தில் அவரும் தோழர்களும், 1987ஆம் ஆண்டிலேயே, ஒழுங்காக வளர்த்த மென்படலம் திரவ நைட்ரஜனில் சதுர சென்டிமீட்டருக்கு 1 லட்சம் ஆம்பியருக்குமேல் தாங்குவதைக் காட்டினர். அடுத்த ஆண்டு, இரு படிகங்களை வேண்டுமென்றே வெவ்வேறு கோணத்தில் ஒட்டவைத்து, எல்லையைக் கடக்கும் மின்னோட்டத்தை அளந்தனர். கோணம் பத்துப் பாகை அளவு சாய்ந்தாலே தாங்கும் மின்னோட்டம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. சாய்வு மிக மிக, வீழ்ச்சியும் மிகுகிறது. ஆக, இனிச் செய்ய வேண்டிய வேலை படிகங்களை ஒரே திசையில் படுக்கவைப்பது. பொடியைச் சுட்டு அதைச் சாதிப்பது கடினம். அணு அணுவாகப் படியவைத்தால் இயலும். இங்கேதான் மென்படலம் வருகிறது.

மென்படலம் செய்யும் முறைகள் பல. அவற்றுள் லேசரால் செய்யும் முறை ஒன்றை மட்டும் சொல்லுகிறேன். அமெரிக்காவில் பெல் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய திருமலை வெங்கடேசனும் குழுவினரும் 1987ஆம் ஆண்டில் இதனை இவ்வாக்ஸைடுக்குப் பயன்படுத்தி வெற்றி கண்டார்கள். காற்று நீக்கிய கலத்துக்குள் ஆக்ஸைடு வில்லை ஒன்று சுழன்றுகொண்டிருக்கும். புறஊதா லேசர்க்கதிர் வினாடிக்குச் சில முறை அதன்மேல் பாயும். ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு வினாடியின் பத்துக் கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும். அந்த நேரத்துக்குள் வில்லையின் மேற்பரப்பு பொங்கி, ஒளிரும் தழல் போலக் கிளம்புகிறது. எதிரே ஏறத்தாழ 700 செல்சியஸில் சூடேற்றிய ஸ்டிரான்ஷியம் டைட்டனேட் போன்ற படிகத் தகடு நிற்கும். தழலிலுள்ள அணுக்கள் சிறிதளவு பிராணவாயுவின் நடுவே பறந்து சென்று, தகட்டின் அணு ஒழுங்கையே அச்சாகக் கொண்டு படிகின்றன. இம்முறையின் அருமை என்னவென்றால், வில்லையில் உலோகங்கள் எந்த விகிதத்தில் உள்ளனவோ, படலத்திலும் பெரும்பாலும் அதே விகிதத்தில் அமைந்துவிடுகின்றன.

எனினும் ஒரு தொல்லை இருந்தது. தகட்டில் வந்து விழும் அணு, தனக்குரிய இடத்தைத் தேடி மேற்பரப்பில் சற்று ஊர்ந்து செல்ல வேண்டும். உஷ்ணநிலை குறைந்தால் விழுந்த இடத்திலேயே உறைந்துவிடும். படிகங்கள் சிறுத்து, சில செங்குத்தாக எழுந்து நிற்கும். உஷ்ணநிலையை மிக உயர்த்தினாலோ தகடும் படலமும் ஒன்றோடொன்று வினைபுரியத் தொடங்கும். இரண்டுக்கும் இடையே உதவிக்கு ஒருவர் தேவைப்பட்டார். அந்த உதவிக்கு வேறோர் உலோகத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள்.

எந்த உலோகத்தையும் சேர்த்துவிட முடியாது. இரும்பும் நிக்கலும் செம்பின் இடத்தில் ஏறி அமர்ந்து கெடுதல் செய்கின்றன. துத்தநாகம் இன்னும் மோசம். செம்பில் நூற்றில் ஒரு பங்கு இடத்தை அது பிடித்தாலே மாறுநிலை உஷ்ணநிலை பத்துப் பாகை அளவுக்கு இறங்கிவிடும். வெள்ளி அப்படியன்று. அதன் அணு அக்கட்டுக்கோப்பினுள் நுழைவது மிகச் சிறிதளவே; பெரும்பகுதி வெளியே, படிகங்களின் எல்லைகளிலோ மேற்பரப்பிலோ ஒதுங்கிவிடுகிறது. மீகடத்தியோடு வினைபுரிந்து அதைக் கெடுப்பதும் இல்லை.

பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் டி. குமார், ஆர். பின்டோ, பி. ஆர். ஆப்தே முதலியோர், இட்ரியம் ஆக்ஸைடு வில்லையில் சிறிதளவு வெள்ளியைக் கலந்து, லேசர் முறையில் படலங்களை வளர்த்தனர். அவர்கள் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு என்னைப் போன்ற பள்ளிக்கூட வாத்தியாரையும் நிமிர்ந்து உட்காரச் செய்வது. வெள்ளி சேர்த்த படலங்களில் படிகங்கள் பெரியனவாகவும் ஒழுங்காகவும் வளர்ந்தன. திரவ நைட்ரஜனின் உஷ்ணநிலையில் அவை தாங்கிய மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கோடி ஆம்பியரைத் தாண்டியது.

500 எங்கே, 1 கோடி எங்கே! ஆனால் கணக்கு ஆசிரியன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இப்படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 5,000-ல் ஒரு பங்கு. தலைமயிரின் தடிமனில் சில நூறில் ஒரு பங்கு. 1 சென்டிமீட்டர் அகலமுள்ள படலத்தின் குறுக்குவெட்டு ஒரு சதுர சென்டிமீட்டரில் 50,000-ல் ஒரு பங்குதான். 1 கோடியை 50,000-ஆல் வகுத்துப் பாருங்கள்: 200 ஆம்பியர். கண்ணுக்கு ஒரு பூச்சாக மட்டுமே தெரிகிற பொருளில் 200 ஆம்பியர் என்பது பெரிய அளவுதான். ஆயினும் அது கோடி அல்ல. அன்றியும், இத்தகைய அளவீடுகள் மிகக் குறுகிய பாலம் போல் செதுக்கிய படலத்தில் செய்யப்படுபவை. அகன்ற படலத்தில் மின்னோட்டம் தானே உண்டாக்கும் காந்தப்புலம் அதன் தாங்குதிறனைச் சற்றுக் குறைக்கும்.

வெள்ளி எவ்வாறு உதவுகிறது? சென்னிமலைத் தறிகளில் பாவுக்குக் கஞ்சி போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கஞ்சியில்லாத பாவு நூல் விழுதில் உராய்ந்து பிசிறடித்து அறுந்துபோகும். கஞ்சி போட்டால் நெசவு ஒழுங்காக நடக்கும். துணி முடிந்தபின் கஞ்சியைத் துவைத்து நீக்கிவிடலாம். துணியின் உடலில் அது ஒரு பாகமன்று. ஆனால் அது இல்லாமல் அத்துணி அப்படி அமைந்திராது. வெள்ளியின் தொழிலும் ஏறத்தாழ இதுவே. சூடான தகட்டில் வெள்ளி அணுக்கள் எளிதில் ஊர்ந்து திரிகின்றன. அவற்றோடு சேர்ந்து மற்ற அணுக்களும் நகர்ந்து தத்தம் இடத்தை அடைவதற்கு வழி உண்டாகிறது. பின்னர் வெள்ளியில் ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடுகிறது. எஞ்சியது ஓரங்களில் ஒதுங்கி நிற்கிறது. உவமை இவ்விடத்தோடு நிற்கும். ஏனெனில் கஞ்சி செய்யாத இரண்டாவது உதவி ஒன்றையும் வெள்ளி செய்கிறது.

அந்த உதவி பிராணவாயுவைப் பற்றியது. இந்த ஆக்ஸைடில் பிராணவாயு போதிய அளவு இருந்தால்தான் அது மீகடத்தி. செம்பு மூன்றுக்குப் பிராணவாயு ஏழுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். ஆறரைக்குக் கீழே இறங்க இறங்க அதன் பண்பு மங்கி, கடைசியில் வெறும் மின்காப்பானாகிவிடும். ஆகையால் படலம் வளர்ந்தபின் அதை உடனே வெளியே எடுப்பதில்லை; 450, 500 செல்சியஸ் அளவில் பிராணவாயுவில் நிறுத்தி மெல்ல ஆறவிடுகிறார்கள். பிராணவாயுவோடு வெள்ளிக்கு விசித்திரமான உறவு உண்டு. சேலத்துக் கொலுசுப் பட்டறைகளுக்கு வெள்ளி உருக்கித் தருவோரைக் கேட்டால் சொல்வார்கள். உருகிய வெள்ளி தன் பருமனைப் போல் இருபது மடங்கு பிராணவாயுவைக் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். உறையும்போது அதையெல்லாம் கக்கும். அப்போது வெள்ளித்துளிகளும் சிதறும். அதைத் தடுக்க உருகிய வெள்ளியின்மேல் கரியைப் போட்டு மூடுவது பழைய வழக்கம். திட நிலையிலும், சூடாக இருக்கும்போது, வெள்ளி பிராணவாயுவைத் தன்னூடே செல்லவிடும். தட்டானுக்குத் தொல்லையாக இருந்த இக்குணம் விஞ்ஞானிக்கு வரமாயிற்று. படலத்தின் எல்லைகளில் நிற்கும் வெள்ளி, பிராணவாயு உள்ளே சென்று நிரம்புவதற்கு வாயில்களைத் திறந்துவைக்கிறது. லேசர்த் தழலில் வெள்ளி பிராணவாயுவோடு சேர்ந்து சென்று, சூடான தகட்டில் அதை விடுவிக்கிறது என்பதும் ஆராய்ச்சியாளர் தரும் விளக்கங்களில் ஒன்று.

படலத்தில் மட்டுமன்று, சுட்டெடுத்த வில்லைகளிலும் வெள்ளி பயன்பட்டது. ஆக்ஸைடு பானையோட்டைப் போல் நொறுங்கும் தன்மையது. இடையிலுள்ள துளைகளை வெள்ளி நிரப்பினால் விரிசல் குறையும். மின்முனை இணைக்கும் இடத்தில் வெப்பம் உண்டாவதும் குறையும். பிஸ்மத் சேர்ந்த மற்றொரு செம்பு ஆக்ஸைடைப் பொடியாக்கி, வெள்ளிக் குழாயில் அடைத்து, கம்பியாக இழுத்து, நாடாவாகத் தட்டிச் சுடுகிறார்கள். பிராணவாயு குழாயின் சுவரைக் கடந்து பொடியைச் சேர வேண்டும். அதற்குச் செம்புக் குழாய் உதவாது. வெள்ளிக் குழாயே உதவும். அத்தகைய நாடாக்களால் ஆன ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள மின்வடம், 2014ஆம் ஆண்டில் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத் தெருக்களுக்கு அடியில் திரவ நைட்ரஜன் சூழப் பதிக்கப்பட்டு, நகரின் மின்வலையில் இணைக்கப்பட்டது.

அந்தக் கடைசி வரிசைப் பையனின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். கிணற்று மோட்டாருக்கு இக்கம்பி வாராது. மாறுதிசை மின்னோட்டத்தில் மீகடத்தியிலும் சிறிது இழப்பு உண்டு. குளிர்கலத்தைக் காப்பதற்கே மோட்டாரைவிட அதிகம் செலவாகும். பெரிய அளவில் மின்சாரம் செல்லும் வடங்களிலும், மருத்துவமனைகளின் காந்தங்களிலும், மூளையும் இதயமும் எழுப்பும் நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் கருவிகளிலும்தான் மீகடத்திக்கு வேலை. இக்கருவிகளைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் நயோபியம் படலங்களைக்கொண்டு உருவாக்கியிருக்கின்றனர். அவை திரவ ஹீலியத்தில் இயங்குபவை.

வெள்ளிக் குழாய் நாடாவின் குறை, அதன் எடையில் பெரும்பகுதி வெள்ளி என்பதே. அதன் விலை என்ன ஆகும் என்பதை நகை வாங்கும் வீட்டார் அறிவர். ஆகவே இன்று மீண்டும் இட்ரியம் போன்றவற்றின் ஆக்ஸைடுப் படலத்துக்கே திரும்பியிருக்கிறார்கள். நிக்கல் கலந்த உறுதியான உலோக நாடாவின்மேல், திசை ஒழுங்கு தவறாத ஆக்ஸைடு அடுக்குகள் சிலவற்றைப் படியவைத்து, அவற்றின்மேல் மீகடத்திப் படலத்தை வளர்க்கிறார்கள். அதன்மேல் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் தடிமனில் வெள்ளி பூசி, பிராணவாயுவில் வாட்டுகிறார்கள். பிராணவாயு வெள்ளியின் ஊடாகப் புகுந்து படலத்தை நிரப்பிய பிறகே, எல்லாவற்றுக்கும் மேலாகச் செம்பு பூசப்படுகிறது.